பழைய ஆம்னி வேன் ஹீட் ஆகுதா? அடிக்கடி கேக்கற கேள்விகள்

எங்கிட்ட இருக்கறது 1998 மாடல் மாருதி ஆம்னி, கார்புரேட்டர் வண்டி, செகண்ட் ஹேண்டு கூட இல்ல, நாலாவது கையா வாங்கினது. தொழில் சமையல் கான்ட்ராக்ட், அண்டா குண்டா எல்லாம் அதுலதான் போகும். நாமக்கல் ராசிபுரம் சைடுல தெரிஞ்சவங்க யார் வண்டி பொங்கினாலும் "அண்ணே உங்க வண்டிக்கும் இப்படித்தானே ஆச்சு"ன்னு எனக்குத்தான் போன் வருது, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன். நான் மெக்கானிக் இல்ல. ஆனா இந்த ஒரு வியாதிக்கு மட்டும் ஒரு வருஷம் காசைக் கொட்டினவன்.

வண்டியைப் பத்தி ரெண்டு வரி. 1984ல மாருதி வேன்னு வந்துச்சு, 1988ல ஆம்னின்னு பேர் வச்சாங்க, 2019ல நிறுத்திட்டாங்க. 796 சிசி, மூணு சிலிண்டர், இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில, ரேடியேட்டர் வண்டி மூக்குல, ரெண்டுக்கும் நடுவுல நீளமா தண்ணி பைப்பு. இந்த அமைப்பாலதான் பாதி பிரச்சனை. மத்த பழைய வேன் வச்சிருக்கறவங்களுக்கும் கீழ இருக்கறதுல முக்கால்வாசி பொருந்தும்.

ஓட்டிட்டு இருக்கும்போதே டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறுது, அந்த நிமிஷம் என்ன பண்ணணும்?

ஏசி போட்டிருந்தா உடனே ஆஃப். ஓரங்கட்டுங்க. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், வீடு வந்துரும்"னு ஓட்டினவங்கதான் பின்னாடி ஹெட்டை (இன்ஜினோட மேல்பாகம்) கழட்டி லேத்துக்குத் தூக்கிட்டுப் போறாங்க.

முள்ளு கொஞ்சம் மட்டும் ஏறியிருக்கு, ஆவி எதுவும் வரல, தண்ணி இருக்குன்னு தெரியும்னா ரெண்டு நிமிஷம் ஐடிலிங்ல விடலாம், பம்ப் சுத்தும், ஃபேன் சுத்தும், தானா இறங்கப் பாக்கும். சிவப்பைத் தொட்டுடுச்சு, இல்ல புஸ்ஸுன்னு ஆவி வருதுன்னா அதெல்லாம் வேணாம், அந்த செகண்டே சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணுங்க. அப்புறம் இறங்கி நிழல்ல உக்காருங்க. பச்சத்தண்ணியை எடுத்து இன்ஜின் மேல ஊத்தற வேலை மட்டும் வேணவே வேணாம், ஹெட்டு அலுமினியம், கொதிக்கறப்போ பச்சத்தண்ணி பட்டா கோணிக்கும், சில நேரம் விரிசலே விட்டுடும்.

ரேடியேட்டர் மூடியை எப்போ திறக்கலாம்?

மேல் ஹோஸை துணி வச்சு அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா உள்ள பிரஷர் இருக்கு, தொடாதீங்க. நல்லா நசுங்குற அளவுக்கு ஆனப்புறம், தடிமனான ஈரத்துணியை மூடி மேல போட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, முதல் கட்டம் வரைக்கும் மட்டும் திருப்பி நிறுத்தணும். புஸ்ஸு முழுசா அடங்கினதும்தான் அமுக்கித் திருப்பிக் கழட்டணும். அரை மணி நேரமாவது காத்திருக்கணும், வெயில்ல நின்னா இன்னும் கூட.

எங்க வண்டில வந்த ஒரு பையன் அவசரப்பட்டு திறந்து முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோச்சு. அப்படி ஆயிட்டா டூத்பேஸ்ட், இங்க், மாவு எதையும் அப்பாதீங்க. குழாய்த் தண்ணியை 20 நிமிஷம் விடாம ஊத்துங்க, வாட்ச் மோதிரம் இருந்தா கழட்டுங்க, அப்புறம் ஆஸ்பத்திரி.

எதுனால ஹீட் ஆகுதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது? மெக்கானிக் ஆளுக்கொண்ணு சொல்றாங்க

இந்த மொத்தப் பக்கத்துலயும் நான் அடிச்சுச் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். "என்ன கெட்டுப்போச்சு"ன்னு கேக்காதீங்க, "எப்போ ஹீட் ஆகுது"ன்னு கேளுங்க. ஒரு வாரம் கவனிச்சு ஒரு நோட்டுல எழுதுங்க. நின்னா ஏறுதா, ஓடினா ஏறுதா, மலையில மட்டுமா, காலையில ஸ்டார்ட் பண்ண அஞ்சு நிமிஷத்துலயேவா, தண்ணி குறையுதா குறையலையா. இது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

சிக்னல்ல, டிராஃபிக்ல நின்னா ஏறி, வண்டி ஓட ஆரம்பிச்சா இறங்குதுன்னா காத்துப் பிரச்சனை, ஃபேன் பக்கம் போங்க. 60, 70ல ஓடினா, இல்ல லோடோட மலை ஏறினா மட்டும் ஏறுதுன்னா தண்ணி சுத்தற வேகம் போதல, ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், ஹோஸ் இதுல ஒண்ணு. ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயே ஏறுதுன்னா தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறினதும் தண்ணிக்கு வழி திறக்கற வால்வு) மூடியே கிடக்கு, இல்ல உள்ள காத்து அடைச்சிருக்கு, இல்ல ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் கீழ இருக்கற பிளாக்குக்கும் நடுவுல வைக்கற தகடு). இந்தக் கடைசி ஆள்தான் வில்லன்.

நான் இதைப் பண்ணாமதான் மாட்டிக்கிட்டேன். "ஹீட் ஆகுதுங்க"ன்னு மட்டும் சொன்னேன், அவங்க தெர்மோஸ்டாட் மாத்தினாங்க, ரேடியேட்டர் கழட்டி ராட் அடிச்சாங்க (உள்ள கம்பி விட்டு அடைப்பு எடுக்கறது), வாட்டர் பம்ப் புதுசு போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் "இப்ப சரியாயிடும்"ன்னாங்க.

அப்புறம் உங்க வண்டில என்னதான் பிரச்சனை?

ஊதுபத்திதான் கண்டுபிடிச்சுது. சொன்னா சிரிப்பாங்க.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலம் டிராஃபிக்ல மாட்டி வந்து வாசல்ல நிறுத்தினேன், பேட்டரி வேற வீக், ஆஃப் பண்ணினா தள்ளணும், அடுத்து ஒரு மண்டபத்துக்குப் போகணும், அதனால ஓட விட்டிருந்தேன், முன்னாடி ஃபேன் ஜோரா சுத்துது. வீட்டுக்காரம்மா எப்பவும் போல ரெண்டு ஊதுபத்தியை கிரில் சந்துல சொருகிட்டு கற்பூரத்தட்டோட நின்னாங்க. புகை உள்ள போகாம நேரா அவங்க மூஞ்சியில அடிக்குது. கற்பூரச் சுடரும் அவங்க பக்கமே சாயுது. "ஏங்க, ஃபேன் காத்து ஏன் வெளிய வருது"ன்னு கேட்டாங்க பாருங்க, எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல.

ரேடியேட்டருக்குப் பின்னாடி இருக்கற ஃபேன் முன்னாடி காத்தை உள்ள இழுக்கணும். என் வண்டில தலைகீழா சுத்தி வெளிய தள்ளிட்டு இருந்துச்சு. முன்னாடி ஒரு பட்டறையில ஃபேன் மோட்டார் மாத்தினப்போ கனெக்டர் உடைஞ்சு ஒயரை முறுக்கி டேப் சுத்தி விட்டிருக்காங்க, அதுல பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போச்சு. டிசி மோட்டார், ஒயரை மாத்தினா திருப்பிச் சுத்தும், சத்தம் அப்படியே இருக்கும், பாக்கறவனுக்கு ஃபேன் ஓடுதுன்னுதான் தெரியும். வண்டி நின்னா இருக்கற சூட்டையே திருப்பித் திருப்பி வெளிய தள்ளுது, ஓடும்போது எதிர்காத்தும் ஃபேனும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டுது. டேப்பைப் பிரிச்சு ரெண்டு ஒயரை மாத்தி முறுக்கினேன். அஞ்சு நிமிஷம். செலவு இன்சுலேஷன் டேப்.

ஊதுபத்தி இல்லாட்டி ஒரு தாள் நியூஸ்பேப்பர் போதும். ஃபேன் ஓடும்போது கிரில் முன்னாடி பிடிங்க, ஒட்டிக்கணும். பறந்து வந்தா திருப்பிச் சுத்துதுன்னு அர்த்தம். ஒட்டவும் இல்ல பறக்கவும் இல்லன்னா மோட்டார் வீக், இல்ல ரேடியேட்டர் இறக்கை (மெல்லிசு தகடுங்க) சந்தெல்லாம் தூசி.

எங்க வண்டில ஃபேன் ஓடவே இல்ல, என்ன பாக்கறது?

முதல்ல ஃப்யூஸ். அப்புறம் மோட்டாருக்கு பேட்டரியில இருந்து நேரா ரெண்டு ஒயர் குடுத்துப் பாருங்க, சுத்தினா மோட்டார் நல்லாருக்கு. அடுத்து ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடற சின்ன ஸ்விட்ச் பெட்டி), இருந்தா. அடுத்து தெர்மோ ஸ்விட்ச் (தண்ணி சூடானா ஃபேனைப் போடறது), கார்புரேட்டர் வண்டில ரெண்டு பின் ஸ்விட்சா இருந்தா கனெக்டரைக் கழட்டி ரெண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்தா ஃபேன் ஓடணும், ஓடினா ஸ்விட்ச்தான் போச்சு. எம்பிஎஃப்ஐ வண்டில (கார்புரேட்டர் இல்லாம கம்ப்யூட்டர் வச்சு பெட்ரோல் அடிக்கறது) இந்த ஒயர் வித்தையெல்லாம் காட்டாதீங்க, அங்க கம்ப்யூட்டர் பெட்டி சொல்லித்தான் ஃபேன் ஓடும், தப்பான பின்னைச் சேர்த்தா பெட்டி போயிடும், அது ரேடியேட்டரை விட விலை.

"டைரக்ட் பண்ணிடலாம் தம்பி"ன்னு சாவி போட்டதுல இருந்தே ஃபேன் ஓடற மாதிரி ஒயர் இழுத்து விடுவாங்க. அவசரத்துக்கு வீடு வந்து சேரலாம், தப்பில்ல, ஆனா ஃப்யூஸ் இல்லாம இழுத்தா தீப்பிடிக்கும், அதை மட்டும் பாத்துக்குங்க. அந்த ஒயர் போறது உங்க சீட்டுக்கு அடியில.

ஊருக்குள்ள நல்லா ஓடுது, கொல்லிமலை ஏறினா பாதியிலேயே பொங்குது

காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் முதல் கியர் ரெண்டாம் கியர்தான், இன்ஜின் முக்கி முனகி ஏறுது, ஆனா வண்டி வேகம் 15, 20. முன்னாடி காத்து வராது, உள்ள நெருப்பு முழுசா. நல்ல வண்டிக்கே அது பரீட்சை. அதனால மலையில ஏறினா உடனே வண்டி கெட்டுப்போச்சுன்னு முடிவுக்கு வராதீங்க, எட்டு பேரும் அவங்க மூட்டையும் ஏத்திக்கிட்டு ஏசி வேற போட்டா 796 சிசி என்ன பண்ணும். ஏசியை அணைச்சு, கியரைக் கீழ போட்டு, ஆக்ஸிலேட்டரை அமுக்கிப் பிடிக்காம ஏறணும். உசந்த கியர்ல முக்கவிடறது இன்னும் மோசம்.

அப்படி ஓட்டியும் பொங்கினா இதையெல்லாம் பாருங்க.

ரேடியேட்டர் வெளிப்பக்கம், இறக்கை சந்துல பூச்சி, வைக்கோல், மண்ணு. தண்ணி பைப்பை இன்ஜின் பக்கத்துல இருந்து முன்பக்கமா பிடிச்சு அடிக்கணும், முன்னாடியிருந்து அடிச்சா குப்பை இன்னும் உள்ள போய் உக்காரும். வாட்டர் சர்வீஸ் கன்னை ஒட்டி வச்சு அடிச்சா இறக்கையெல்லாம் படுத்துடும், தள்ளி நின்னு அடிக்கச் சொல்லுங்க.

உள்பக்கம் அடைப்பு. ரெண்டு ஹோஸையும் கழட்டி, கீழ் வாயைக் கையால அடைச்சு தண்ணி நிரப்பி, படக்குனு கையை எடுங்க. குபுகுபுன்னு கொட்டணும். ஒண்ணுக்குப் போற மாதிரி வந்தா அடைப்பு. பழைய பித்தளை ரேடியேட்டர்னா மேல் டேங்க்கை ஈயம் உருக்கிப் பிரிச்சு ஒவ்வொரு குழாயிலயும் கம்பி விட்டு எடுப்பாங்க, அதுதான் ராட் அடிக்கறது. மேல பிளாஸ்டிக் டேங்க் வச்ச அலுமினியம் ரேடியேட்டர்னா அதெல்லாம் பண்ண முடியாது, மாத்தறதுதான்.

கீழ் ஹோஸ். இதை யாரும் பாக்கறதே இல்ல. பம்ப் இழுக்கற பக்கம் அது, பழைய ஹோஸ் ஊறி மெத்துனு ஆகியிருந்தா, ஆக்ஸிலேட்டர் குடுக்கும்போது உள்ள உறிஞ்சி சப்பையா ஒட்டிக்கும், தண்ணி நின்னுடும். ஐடிலிங்ல திரும்ப உருண்டையாயிடும், அதனால நின்னு பாத்தா தெரியாது. ஒருத்தரை ரேஸ் பண்ணச் சொல்லிட்டு நீங்க எட்டிப் பாக்கணும்.

வாட்டர் பம்ப். பெல்ட்டை விரலால அமுக்கினா ஒரு சென்டிமீட்டருக்குள்ள இறங்கணும், அதுக்கு மேல தொளதொளன்னா இறுக்குங்க. பம்ப் அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல பச்சையா கோடு வழிஞ்சு காஞ்சிருந்தா சீல் போச்சு. வெளிய நல்லா இருந்தும் உள்ள விசிறி அரிச்சுப் போயிருக்கலாம், வருஷக்கணக்கா வெறும் போர் தண்ணி ஊத்தின வண்டின்னா சந்தேகப்படலாம்.

ரேடியேட்டர் மூடி அவ்வளவு முக்கியமா? டிஃபன் பாக்ஸ் மூடி மாதிரிதானே இருக்கு

குக்கர் மூடி மாதிரி. விசில் போட்ட குக்கர்ல தண்ணி 100 டிகிரிக்கு மேல போனாத்தானே கொதிக்கும், அதே கணக்கு. மூடி மேல 0.9ன்னோ 1.1ன்னோ அடிச்சிருக்கும், அவ்வளவு பார் பிரஷரை அது பிடிச்சு வைக்கும். 0.9 மூடி ஒழுங்கா பிடிச்சா வெறும் தண்ணியே 119 டிகிரி சுமாருக்குத்தான் கொதிக்கும். ரப்பர் வெடிச்சுப்போன மூடின்னா 100லயே பொங்கிடும், ஊட்டி மாதிரி 2240 மீட்டர் உசரத்துல 93க்குள்ளயே. இன்ஜின் ஒண்ணும் அதிகமா சூடாகல, ஆனா பொங்குது, எல்லாரும் ஹெட்டைக் கழட்டப் பாப்பாங்க.

மூடிக்கு நடுவுல இன்னொரு சின்ன வால்வு இருக்கு, இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டரோட ஹோஸ்ல சேந்திருக்கற ரிசர்வ் டப்பாவுல இருக்கற தண்ணியை உள்ள இழுக்கறதுக்கு. அது ஒட்டிக்கிட்டா டப்பா ஃபுல்லா இருக்கும், ரேடியேட்டர் காலியா இருக்கும். டப்பாவைப் பாத்து ஏமாறாதீங்க, வாரம் ஒருக்கா காலையில இன்ஜின் பச்சையா (சூடேறாம) இருக்கும்போது மூடியைத் திறந்தே பாருங்க. மூடி விலை ரெண்டு பேர் ஓட்டல்ல சாப்பிடற காசு, அதே நம்பர் போட்ட புதுசு வாங்கிப் போட்டுட்டு அப்புறம் மத்ததை யோசிங்க. "1.1 போட்டா இன்னும் நல்லது"ன்னு 0.9க்கு பதிலா போடாதீங்க, பழைய ஹோஸும் ரேடியேட்டரும் தாங்காது.

தண்ணி குறையுது, ஆனா கீழ ஒரு சொட்டு கூட இல்ல

ஓடும்போது மட்டும் ஒழுகி இன்ஜின் சூட்டுல காஞ்சு போகலாம். அதனால ராத்திரி ஓட்டி நிறுத்தினதும் டார்ச் அடிச்சுப் பாருங்க, ஹோஸ் கிளிப் ஓரம், பம்ப், பிளாக் பக்கவாட்டுல இருக்கற வட்டத் தகர டம்மி, இதுலயெல்லாம் வெள்ளையாவோ பச்சையாவோ உப்புப் பூத்த தடம் இருக்கும். ஆம்னியில சீட்டைத் தூக்கினா இன்ஜின் மேல்பக்கம் தெரியும், ஆனா முன்னாடி போற பைப்பு வண்டிக்கு அடியில, படுத்துதான் பாக்கணும். பக்கெட் தண்ணி மாதிரி ஒழுகணும்னு இல்ல, நாளைக்கு ஒரு டம்ளர் போனாலே வாரக்கடைசியில இன்ஜின் வறண்டுடும்.

எங்கயும் தடமே இல்லன்னா உள்ளதான் போகுது. அடுத்த கேள்வி.

ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு எப்படித் தெரியும்?

காலையில பச்சை இன்ஜின்ல மூடியைத் திறந்து வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ரேடியேட்டர் வாயில விடாம குமிழி குமிழியா வந்தா, ரேஸ் பண்ணப் பண்ண கூடுதுன்னா, சிலிண்டர்ல இருந்து கேஸ் தண்ணிக்குள்ள வருது. மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணின ரெண்டாவது நிமிஷமே, இன்ஜின் சூடே ஆகாம மேல் ஹோஸ் கல்லாயிடுச்சுன்னாலும் அதேதான். ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்க, பால் விட்ட டீ கலர்ல இருந்தா தண்ணி கலந்துடுச்சு, அந்த ஆயில்ல ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டக்கூடாது, பேரிங் போயிடும். ஆயில் ஊத்தற மூடிக்கு அடியில மட்டும் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி இருந்தா பயப்படாதீங்க, தினம் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டற வண்டில அது வரும், உள்ள ஆவி ஆறிப் படியற ஈரம்தான். சைலன்சர்ல இன்ஜின் சூடான பின்னாடியும் வெள்ளைப்புகை, அதுல ஒரு இனிப்பு வாசனைன்னா கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணியில கலக்கற கலர் திரவம்) எரியுது.

ஒரு அடையாளத்தை மட்டும் வச்சு ஹெட்டைக் கழட்ட விடாதீங்க. கம்ப்ரஷன் கேஜ் வச்சு மூணு சிலிண்டரும் பாக்கச் சொல்லுங்க, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குறைஞ்சா அந்த நடுவுல கேஸ்கெட் பிளந்திருக்கு.

கழட்டினா, வெறும் கேஸ்கெட்டை மாத்தி மூடறதுக்கு ஒத்துக்காதீங்க. ஹெட் மேல நேர்க்கம்பி வச்சு ஃபீலர் கேஜ் (சந்து அளக்கற மெல்லிசு தகடு) விட்டுப் பாக்கணும், 0.05 மில்லிமீட்டருக்கு மேல கோணியிருந்தா லேத்துல ஃபேஸ் பண்ணணும் (மட்டமா சீவணும்), விரிசல் இருக்கான்னு பிரஷர் டெஸ்ட்டும் சேத்துப் பண்ணிடுங்க. போல்ட்டு நடுவுல இருந்து வெளியோரமா, ரெண்டு மூணு தவணையா, டார்க் ஸ்பேனர் (எவ்வளவு இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) வச்சுத்தான் இறுக்கணும். "என் கைதான் டார்க் ஸ்பேனர்"னு ஒருத்தர் எங்கிட்ட பெருமையா சொன்னார். நான் வேற பட்டறை பாத்துக்கிட்டேன்.

அதைவிட முக்கியம், கேஸ்கெட் ஏன் போச்சு? முன்னாடி ஒரு தடவை ஹீட் ஆனதாலதான் பெரும்பாலும் போகும். அந்த மூல காரணத்தை விட்டுட்டு கேஸ்கெட்டை மட்டும் மாத்தினா மூணு மாசத்துல திரும்ப வருவீங்க.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டா ஹீட் ஆகாதாமே?

நம்ம ஊர்ல பாதி பட்டறையில இதுதான் முதல் வைத்தியம். "நம்ம வெயிலுக்கு எதுக்குங்க அது"ன்னு சொல்வாங்க. இன்ஜின் 80 டிகிரிக்கு மேலதான் ஒழுங்கா எரிக்கும், தெர்மோஸ்டாட் இல்லாட்டி காலையில ரொம்ப நேரம் பச்சையாவே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில்ல கசடு சேரும். ஹீட் பிரச்சனை நிஜமா வேற எங்கயோ இருந்தா அதை மறைச்சும் வைக்கும், ஊருக்குள்ள சரியான மாதிரி தெரிஞ்சுட்டு மலையில மாட்டிவிடும்.

சந்தேகம்னா சோதிச்சுப் பாருங்க, ரொம்ப ஈஸி. கழட்டி ஒரு பாத்திரத்துல தண்ணியில நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்புல வைங்க, பாத்திரம் அடியைத் தொடக்கூடாது. அது மேல 82ன்னோ 88ன்னோ அடிச்சிருக்கும், அந்த சூட்டுல மெதுவா வாயைத் திறக்கணும், தண்ணி கொதிக்கறதுக்குள்ள நல்லா திறந்திருக்கணும். தளதளன்னு கொதிச்சும் வாயைத் திறக்கலன்னா குப்பையில போட்டுட்டு அதே நம்பர் புதுசு வாங்குங்க. பாத்திரத்தைத் திரும்ப சமையலுக்கு எடுக்காதீங்க, எங்க வீட்டுல அதுக்கு நடந்த சண்டை தனிக்கதை.

போர் தண்ணி ஊத்தலாமா, கூலன்ட்தான் ஊத்தணுமா?

நடுரோட்டுல நின்னா கிணத்துத் தண்ணி, வாய்க்கா தண்ணி எதுவும் ஊத்தலாம், இன்ஜின்தான் முக்கியம். வீட்டுக்கு வந்ததும் வடிச்சுடுங்க. நம்ம பக்கத்து போர் தண்ணியில பக்கெட்டே வெள்ளையா உப்பு பூக்குது, கெட்டில் அடியைப் பாருங்க, அதே பொறுக்கு ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும். கூலன்ட் கொதிநிலையை ஏத்தறது கொஞ்சம்தான், அதோட பெரிய வேலை துருப்பிடிக்காம பாத்துக்கறது. கான்சன்ட்ரேட் வாங்கினா பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி. ரெடிமிக்ஸ்னு போட்டிருந்தா அப்படியே ஊத்தணும், தண்ணி கலக்காதீங்க. பச்சை, சிவப்பு, நீலம்னு கலரைக் கலந்து ஊத்தாதீங்க. வடிச்ச கூலன்ட்டை வாசல்ல விட்டுடாதீங்க, இனிப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துடும், குழந்தைங்களுக்கும் விஷம்.

ஒழுகினா மஞ்சத்தூள் போடலாம்னு டிரைவருங்க சொல்றாங்களே?

போட்டா அடைக்கும். எதை அடைக்கும்னு நீங்க சொல்ல முடியாது. நடுக்காட்டுல ஒரு பொடி ஓட்டையோட நிக்கறப்போ ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் போட்டு ஊர் வந்து சேர்ந்த ஆளுங்களை எனக்கே தெரியும், ஆனா வந்ததும் ரேடியேட்டரைக் கழட்டிக் கழுவணும், கழுவாம விட்டா அது ஊறி நல்ல குழாயையும் அடைச்சுடும்.

தண்ணி புதுசா ஊத்தின பின்னாடி முன்னைவிட அதிகமா ஹீட் ஆகுது!

காத்து அடைச்சிருக்கு. நீள பைப்பு வண்டி, மேடு பள்ளமா போகுது, எங்கயாவது காத்து மாட்டிக்கிட்டா தண்ணி சுத்தாது. வண்டி மூக்கை ஒரு மேட்டுல ஏத்தி நிறுத்துங்க, ரேடியேட்டர் வாய்தான் எல்லாத்தையும் விட உசரமா இருக்கணும். பச்சை இன்ஜின்ல, மூடி இல்லாம, மெதுவா ஊத்திக்கிட்டே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்க, மளுக் மளுக்குனு காத்து வரும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி மூடி இல்லாமலே ஐடிலிங்ல விடுங்க, தெர்மோஸ்டாட் திறந்ததும் திடீர்னு மட்டம் இறங்கும், உடனே ஊத்துங்க, பொங்கி வரப் பாத்தா மூடிடுங்க.

நான் பண்ற ஒரு வேலை, வடிக்கும்போது பக்கெட்டுல பிடிச்சு எத்தனை பாட்டில்னு அளந்துப்பேன். நாலு பாட்டில் வடிஞ்சு மூணுதான் திரும்பப் பிடிச்சுதுன்னா மீதி ஒரு பாட்டில் இடத்துல காத்துதான் இருக்கு, அப்படியே ஓட்டக்கூடாது.

முள்ளு திடீர்னு கீழ இறங்கிடுச்சு, ஆனா சீட்டுக்கடியில அனல் அடிக்குது

இறங்கிடுச்சேன்னு சந்தோஷப்படாதீங்க, நிறுத்துங்க. சென்சார் தண்ணிக்குள்ள முங்கியிருந்தாத்தான் ஒழுங்கா காட்டும். தண்ணி மொத்தமும் போயிட்டா அது காத்துல தொங்கும், முள்ளு கீழ விழும், இன்ஜின் உள்ள வறுபட்டுக்கிட்டு இருக்கும். ஜாம் ஆன ஆம்னி நிறைய இப்படித்தான் ஆச்சு.

அனல் மட்டும் அடிக்குது, முள்ளு நடுவுல நல்லா நிக்குதுன்னா அது வேற, சீட்டுக்கு அடியில இன்ஜின் மூடியைச் சுத்தி இருக்கற ரப்பர் பட்டி கிழிஞ்சிருக்கும். அதை மாத்தினா போதும், பின்பக்கம் வேகாது.

கேஸ் கிட் போட்ட வண்டிக்கு ஏதாவது தனியா பாக்கணுமா?

எல்பிஜி கிட்ல ஒரு வேப்பரைசர் இருக்கும், திரவ கேஸை ஆவியாக்க அதுக்கு சூடு வேணும், அந்த சூட்டை இன்ஜின் தண்ணியில இருந்துதான் ஹோஸ் போட்டு எடுக்கறாங்க. அதனால ஒழுகறதுக்கு இன்னும் நாலு கிளிப் கூடுதல். ஆனா ஒரு நல்லதும் இருக்கு, இன்ஜின் சூடா இருந்தும் வேப்பரைசர் மேல பனி பூத்திருந்தா தண்ணி அங்க சுத்தலைன்னு அர்த்தம், தண்ணி குறைச்சல் இல்ல காத்து அடைப்பு. டெம்பரேச்சர் முள்ளுக்கு முன்னாடியே அது சொல்லிடும்.

எல்லாம் மாத்தியாச்சு, இன்னும் ஹீட் ஆகுது

கூலிங் பக்கம் சுத்தமா இருந்தா சூடு உண்டாகற பக்கம் பாருங்க. டைமிங் (பிளக்ல பொறி விழற நேரம்) லேட்டா வச்சிருந்தா ஹீட் ஆகும், வண்டி இழுவையும் இருக்காது. கார்புரேட்டர்ல பெட்ரோல் கம்மியா வந்தாலும் ஹீட் ஆகும். பிரேக் ஒட்டிக்கிட்டு ஓடுதான்னு பாருங்க, ஓட்டி நிறுத்திட்டு நாலு வீல் பக்கத்துலயும் கையைக் காட்டுங்க, ஒண்ணு மட்டும் அனலா இருந்தா அதுதான் இன்ஜினை இழுத்துப் பிடிக்குது. கிளட்ச் நழுவினாலும் ஆக்ஸிலேட்டர் அதிகம் குடுப்பீங்க, சூடு ஏறும்.

அப்புறம் ஒரு தடவை கார்த்திகை மாசம் ஒருத்தர் எருமேலி தாண்டி ஏத்தத்துல நின்னுட்டு போன் பண்ணினார், ஊருல இருந்து கம்பம் வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சாம். முன்னாடி என்ன கட்டியிருக்கீங்கன்னு கேட்டேன். ஐயப்பன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர், அதுக்கு மேல ரெண்டு சாமந்தி மாலை, கிரில் முழுக்க மூடியிருக்கு. அவுத்து பின் கண்ணாடியில கட்டச் சொன்னேன், ஏறிடுச்சு. ஆயுதபூஜைக்கு வாழைக்கன்னு கட்டறவங்களும் கிரிலை விட்டுட்டு கண்ணாடி ஓரத்துல கட்டுங்க.

வண்டில என்னென்ன வச்சிருக்கணும்?

அஞ்சு லிட்டர் கேன்ல நல்ல தண்ணி, ஒரு ஃபேன் பெல்ட், ரெண்டு ஹோஸ் கிளிப், ஸ்க்ரூ டிரைவர், நாலு ஃப்யூஸ், டார்ச், தடிமனான பழைய துண்டு ஒண்ணு. ஊதுபத்தி எப்படியும் டேஷ்போர்டுல பிள்ளையாருக்குப் பக்கத்துல இருக்கும்.